முதல் மேடைக்கு ஹோட்டல் கலிபோர்னியா வேண்டாம், தம்பிகளா

புதுசாக பேண்டு தொடங்குகிற பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் பட்டியலில் முதல் பாட்டு இதுவாகத்தான் இருக்கிறது. தங்கச்சிமடமோ பாம்பனோ உச்சிப்புளியோ, எங்கே போனாலும் இதே கதை. கிதாரைத் தொட்ட மூன்றாம் மாதமே யூடியூப் பார்த்து அதன் கடைசி இரண்டு நிமிட வாசிப்பை உருப்போட ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கும் அந்தப் பாட்டு உயிர். இருந்தாலும் சொல்கிறேன், முதல் மேடைக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஈகிள்ஸ் குழு 1976இல் ஆல்பத்தில் வெளியிட்ட பாட்டு அது. ஆறரை நிமிடம் ஓடும். எட்டு இடத்தில் கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து அமுக்குகிற பிடி, மாறினால்தான் ஒரு சுற்றே முடியும். அதில் பி மைனர், எஃப் ஷார்ப் என்கிற இரண்டு கார்டுக்கும் ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்கப் போட்டு அமுக்க வேண்டும். கடைசியில் குழுவின் கிதார்க்காரர்கள் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லி, அப்புறம் இரண்டு கிதாரும் சேர்ந்து போகும். அத்தனை வருடம் மேடையில் ஊறிய கைகள் அவை. நம் பிள்ளைகளுக்கு விரல் நுனி இப்போதுதான் காய்த்துக்கொண்டிருக்கிறது.

போன வருட மீன்பிடித் தடைக்காலத்தில் என் தங்கச்சி மகன் நான்கு கூட்டாளிகளைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வலை வைக்கிற தகரக் கொட்டகையில் இடம் கிடைத்தது. காலேஜும் லீவு. வெயிலில் தகரம் கொதிக்கும், உள்ளே ஐந்து பேரும் வேர்த்து ஒழுக ஒழுக வாசித்துக்கொண்டிருப்பார்கள். ஆனி மாசம் கால்பந்துப் போட்டிப் பரிசளிப்பு இரவில் அவர்களுக்கு இருபது நிமிடம் கொடுத்தார்கள். எடுத்ததுமே ஹோட்டல் கலிபோர்னியாதான்.

அது கச்சான் காற்று, மேற்கே இருந்து வருவது, அடிக்கிற நேரம். மைக்கில் காற்று புகுந்து புஸ்ஸு புஸ்ஸென்று இரைகிறது. பாட்டின் ஆரம்பத்தில் ஒற்றைக் கிதார் மெல்ல மெல்லப் பின்னுமே, அது ஒரு சுரம்கூட யார் காதிலும் விழவில்லை. மூன்றாவது சுற்றில் கிதார்க்காரன் எஃப் ஷார்ப்புக்குப் பிந்தினான். டிரம்ஸ் தம்பி அவனுக்காக நின்றான், பேஸ் என்கிற அடிக்குரல் கிதார் வாசித்தவன் நிற்காமல் போய்விட்டான், பாடினவன் திரும்பிப் பார்த்தான். அத்தோடு பாட்டு நின்றது. கூட்டம் கத்தவில்லை, கேலி செய்யவில்லை. அவரவர் பக்கத்தில் இருந்தவர்களோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் போய்ப் பார்த்தால் என் மருமகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுகிறான். "மாமா, நான் இனிமே இதைத் தொடவே மாட்டேன்" என்றான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. இந்தப் பதிவை எழுத வைத்ததும் அந்த ராத்திரிதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரையும் கடற்கரையில் உட்கார வைத்துப் பேசினேன். பாட்டுப் பட்டியலைக் கேட்கவில்லை. எங்கள் தாத்தா கரைவலை இழுத்த கதையைச் சொன்னேன். வலையை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். ஒருவர் அம்பா, அதுதான் வலை இழுக்கிற பாட்டு, எடுத்துக் கொடுப்பார், 'ஏலேலோ' என்று. கயிற்றில் கிடக்கிற அத்தனை பேரும் 'ஐலசா' என்று வாங்குவார்கள். அந்த வாங்குகிற இடத்தில்தான் கை சேர்ந்து இழுக்கும். சின்னப் பிள்ளை, கிழவர், அன்றைக்குப் புதுசாக வந்தவர், யாராக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தை வாயில் வந்துவிடும். மீன் சேருகிற வலையின் மடி கரைக்கு வரும்வரை பாட்டு நிற்காது. எடுத்துக் கொடுப்பவர் எவ்வளவு நல்ல குரலாக இருந்தாலும் கூட்டம் வாங்கவில்லை என்றால் வலை அசையாது.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். கூட்டம் எந்த இடத்தில் வாங்கிப் பாடும்? அப்படி ஒரு இடம் இல்லாத பாட்டு எத்தனை பெரிய பாட்டாக இருந்தாலும், ஆரம்பக் குழு அதை வீட்டில் வாசித்துப் பழகட்டும்.

குயீன் குழுவின் 'வீ வில் ராக் யூ' இப்படித்தான் பிறந்தது. 1977இல் இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் பக்கம் ஒரு கச்சேரி. குழு வாசித்து முடித்த பிறகும் கூட்டம் தானாகவே ஒரு பாட்டைச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது. அது கிதார்க்காரர் பிரையன் மேயை உலுக்கிவிட்டது. நெருக்கியடித்து நிற்கிற கூட்டத்தால் என்ன செய்ய முடியும்? காலைத் தட்டலாம், கையைத் தட்டலாம், பாடலாம். அதையே பாட்டாக்கிவிட்டார். இரண்டு மிதி, ஒரு தட்டு. கிதார் கடைசியில்தான் வரும். கார்டே தெரியாத பிள்ளைகூட அந்தப் பாட்டில் சேர்ந்துகொள்ளலாம்.

ஆனால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு சிக்கல் உண்டு, மணல். மணலில் மிதித்தால் சத்தமே வராது. ஒத்திகையில் ஐந்து பேரும் குதிகால் வலிக்க மிதித்தார்கள், பொத் பொத் என்று அமுங்கிப் போனது. அப்புறம் டிரம்ஸ் தம்பிதான் கொட்டகை மூலையில் கிடந்த மீன் பெட்டிகளை எடுத்தான். பிளாஸ்டிக் பெட்டி, ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உள்ளங்கையால் இரண்டு அடி. தகரக் கூரைக்குக் கீழே அது இடி மாதிரி கேட்டது. அதன் பிறகு மேடைக்கு முன்னால் ஆறு பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து, சின்னப் பிள்ளைகளை அடிக்கச் சொல்வது என்று முடிவானது.

அடுத்தது, வைட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் 'செவன் நேஷன் ஆர்மி', 2003. இதை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ஐந்தாவது கம்பி ஒன்று போதும். ஃப்ரெட் (கிதார் கழுத்தில் இருக்கிற கட்டம்) எண்கள் 7, 7, 10, 7, 5, 3, 2. ஒரு சாயங்காலத்தில் விரலுக்குள் வந்துவிடும். அந்தக் குழுவில் இரண்டே பேர். பதிவில் பேஸ் கிதாரே கிடையாது, கிதார் ஒலியை காலால் மிதிக்கிற ஒரு பெடல் கருவி வழியாகக் கீழே இறக்கி வாசித்திருக்கிறார்கள். மெக் வைட்டின் டிரம்ஸ் எவ்வளவு எளிமையோ அவ்வளவு உறுதி. 2006 உலகக் கோப்பையில் இத்தாலி ரசிகர்கள் இந்த மெட்டைப் பாடியே தீர்த்தார்கள். அதனால் கால்பந்து பார்க்கிற எங்கள் பையன்கள் எல்லோருக்கும், பாட்டின் பெயர் தெரியாவிட்டாலும், மெட்டு தெரியும். "ஈஸியான பாட்டு வாசிச்சா மதிக்க மாட்டாங்க மாமா" என்று சொல்கிறவர்கள் இந்தப் பாட்டை யோசித்துப் பாருங்கள். ஏழு சுரம்தான், உலகத்து மைதானங்கள் பாதி அதைப் பாடுகின்றன.

'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பற்றியும் கேட்பார்கள். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ ஊரில் ஒரு கச்சேரி நடக்கும்போதே கட்டடம் தீப்பிடித்து, புகை ஏரியின் மேல் படர்ந்ததைப் பார்த்து டீப் பர்ப்பிள் குழு எழுதியது. தொடக்க வாசிப்பு தங்கம். ஆனால் அது முடிந்ததும் எங்கள் கூட்டத்துக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. மைக் சரிபார்க்கும்போது அந்தத் தொடக்கத்தை மட்டும் வாசியுங்கள், போதும்.

'ஸோம்பி' வேறு மாதிரி. கிரான்பெரீஸ் குழு, 1994. ஈ மைனர், சி, ஜி, டி. இந்த நான்கு கார்டும் கடைசிவரை அதே வரிசையில் வந்தால் பாட்டு முடிந்துவிடும். மூலத்தில் பெண் குரல், பையன்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடினால் தாராளமாக வரும். கோரஸ் கிட்டத்தட்ட ஒரே வார்த்தை. 1993இல் இங்கிலாந்தின் வாரிங்டன் ஊரில் குண்டு வெடித்து இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அந்த வேதனையில் குழுவின் பாடகி டோலரஸ் ஓரியோர்டன் எழுதியது. இந்தக் கதையை நான் கொட்டகையில் சொன்னபோது பேஸ் வாசிக்கிற பையன் தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்தவன். தாத்தா, பாட்டி யாழ்ப்பாணத்தில் இருந்து படகில் வந்தவர்கள். மறுநாள் வந்து, "மாமா, இந்தப் பாட்டை நான் பாடுறன்" என்றான். அதுவரை அவன் மைக் பக்கமே போனதில்லை.

அப்புறம் டிரம்ஸ். எல்லாக் குழுவிலும் கிதார்க்காரன் ஆசைப்பட்ட பாட்டைத்தான் எடுக்கிறார்கள். டிரம்ஸ் தம்பியால் நிற்காமல் போக முடியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. கிதாரில் ஒரு கார்டு தப்பினால் பாதிப் பேருக்குத் தெரியாது, அடி நின்றால் எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். செல்போனில் ரெக்கார்டு போட்டுவிட்டு, என்ன தப்பு நடந்தாலும் நிறுத்தாமல், ஒரு பாட்டை மூன்று தடவை முழுசாக வாசிக்க வேண்டும். மூன்றிலும் டிரம்ஸ் நிற்காமல் வந்தால் பாட்டு பட்டியலில் இருக்கும். 'சம்மர் ஆஃப் 69' இதில் போய்விட்டது. பையன்களுக்கு வருத்தம்தான். அதில் பாடகருக்கும் கஷ்டம், அதைப் பாடிய பிரையன் ஆடம்ஸ் மாதிரி உச்சத்தில் நிற்க பதினெட்டு வயதுத் தொண்டைக்கு இன்னும் நாள் வேண்டும். எந்தப் பாட்டானாலும் தொண்டைக்குத் தக்கபடி ஸ்கேலை, அதாவது சுருதியை, இறக்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, ஒரு தமிழ்ப் பாட்டாவது வேண்டும். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற அத்தைகளும் சித்திகளும் நமக்காகத்தான் வந்திருக்கிறார்கள். இந்தப் புத்தாண்டு இரவில் தெருவில் வாசிக்கக் கேட்டபோது, 1982இல் வந்த 'இளமை இதோ இதோ'வை எடுத்தோம். இளையராஜா போட்ட மற்ற வாத்தியங்களை எல்லாம் விட்டுவிட்டு, அடியும் கிதாரும் பாட்டும் மட்டும். பன்னிரண்டு மணிக்கு அந்தப் பாட்டு இல்லாமல் தமிழ்நாட்டில் வருடம் பிறக்காது.

அன்றைக்கு மொத்தம் நான்கே பாட்டுத்தான் வாசித்தார்கள். மீன் பெட்டிகளில் பிள்ளைகள் அடிக்க, வாடைக் காற்றில் நின்றுகொண்டு தெரு முழுக்கக் கை தட்டியது. 'ஸோம்பி' கோரஸுக்கு இரண்டாவது தடவையே கூட்டம் வாங்கிப் பாடியது. பேஸ் பையனின் பாட்டி முகாமில் இருந்து ஆட்டோவில் வந்திருந்தார். பாட்டு முடிந்ததும் மேடை ஓரம் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். என் மருமகன் என்னைத் தேடி வந்து, "மாமா, அடுத்து எப்ப?" என்றான்.

இப்போது மறுபடியும் ஹோட்டல் கலிபோர்னியா கேட்கிறார்கள். சரி, வருகிற தடைக்காலம் 61 நாளும் கொட்டகையில் அதைப் பழகுங்கள் என்றிருக்கிறேன். டிரம்ஸ் மூன்று தடவை நிற்காமல் வந்தால் நானே மேடை பிடித்துத் தருகிறேன். வாசித்து முடித்ததும் கம்பியைக் காய்ந்த துணியால் துடைத்து உறையில் போட வேண்டும், இல்லாவிட்டால் உப்புக் காற்றில் துரு ஏறிவிடும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் யாரிடமாவது ஓரமாகக் கிடக்கிற பேஸ் ஆம்ப் (பேஸ் கிதாருக்கான ஒலிபெருக்கி) இருந்தால் சொல்லுங்கள். பழசாக இருந்தாலும் பரவாயில்லை, நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். உங்கள் ஊர்க் கூட்டம் எந்தப் பாட்டுக்கு வாங்கிப் பாடியது என்பதையும் எழுதுங்கள். பையன்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்.