அந்தச் சுவரில் சிமெண்டு பூசியிருக்கக் கூடாது

ஒரு பழைய வீட்டைச் சீரமைத்தோம் என்று இணையத்தில் போட்ட அந்தப் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதல் படத்தில் காரை உதிர்ந்த பழைய வீடு. அடுத்ததில் வழவழவென்று சாம்பல் நிறச் சுவர். மேலே "பாரம்பரிய முறையில் மீட்டெடுத்தோம்" என்று ஒரு வரி. அது சிமெண்டுப் பூச்சு என்று நான் சொன்னதற்கு, "நல்லது நடந்தால் உனக்குப் பொறுக்காதா?" என்று கேட்கிறார்கள். பொறுக்கவில்லைதான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சுண்ணாம்பில் எழுந்த சுவருக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். பழைய செங்கல் மென்மையானது, தண்ணீர் குடிக்கும். அடியிலிருந்து ஓதம் ஏறினாலும் மழையில் நனைந்தாலும், சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. தடுக்கப்பட்ட ஈரம் உப்பையும் இழுத்துக்கொண்டு இன்னும் மேலே ஏறும். செங்கல்லுக்குள் அந்த உப்பு படிகமாகிப் பருக்கும்போது செங்கல் மாவாக உதிரும். வெளியிலிருந்து பார்த்தால் பூச்சு அசையாமல் நிற்கும். விரல் மொழியால் தட்டினால்தான் பொள்ளென்று சத்தம் கேட்கும். அந்த இடத்தைப் பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள்: பூச்சின் முதுகில் செங்கல்லின் சிவப்புத் தோல் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

"சிமெண்டு பலமாச்சே?" அந்தப் பலம்தான் இங்கே கெடுதல். காரை எப்போதும் செங்கல்லைவிட இளகலாக இருக்க வேண்டும். சுவர் கொஞ்சம் அசையும், வெயிலில் விரியும். விரிசல் காரையில் விட்டால் சுரண்டிவிட்டுப் புதிதாக வைக்கலாம். செங்கல்லே பிளந்தால் என்ன செய்வீர்கள்? "சுண்ணாம்பிலேயே கொஞ்சம் சிமெண்டு சேர்த்துக்கொள்ளலாமே" என்கிறார் இன்னொருவர். வேண்டாம். அப்படிச் சேர்த்தால் சிமெண்டின் பலமும் வராது, சுண்ணாம்பின் இளக்கமும் நிற்காது.

சுண்ணாம்பு வேலை ஒன்றும் ரகசியமில்லை. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்ற வேண்டும். மாற்றிச் சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். நீற்றியதைச் சல்லடையில் சலிக்காவிட்டால் நீறாத துணுக்குகள் பூசிய பிறகு நீறி, சுவரில் பொரிப்பொரியாக வெடிக்கும். சலித்த விழுதைத் தண்ணீருக்கு அடியில் குறைந்தது மூன்று மாதம் கிடக்க விடுங்கள். மணல் நறநறவென்று முனையுள்ளதாக, மண்ணும் உப்பும் போகக் கழுவியதாக இருக்க வேண்டும். எத்தனைக்கு எத்தனை என்று தெரிய, காய்ந்த மணலை ஒரு பாத்திரம் நிறைய எடுத்து, மணல் மட்டத்துக்கு வரும்வரை தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். உள்ளே போன தண்ணீர் எவ்வளவோ அவ்வளவு சுண்ணாம்பு. பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு வரும். ஒன்றுக்கு மூன்று என்று கொத்தனார்கள் சொல்வது வெறும் வாய்ப்பாடு இல்லை. கலவை இறுகலாகத் தெரிந்தால் தண்ணீர் விடாதீர்கள், இன்னும் இடியுங்கள்; இடிக்க இடிக்கத் தானே இளகும். சுவரை நனைத்துவிட்டு, ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூசி, கீறிவிட்டு, ஈரச் சாக்கால் மூடி வெயிலும் காற்றும் படாமல் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டுதான் கல்லாகிறது. அவசரமாகக் காய்ந்தால் வெறும் பொடிதான் மிஞ்சும்.

"பெரிய நிபுணர்களே புது முறையை ஏற்றிருக்கிறார்களே?" ஏற்றார்கள். பழஞ்சின்னங்களைக் காப்பது பற்றி நிபுணர்கள் கூடி வகுத்த 1931 ஏதென்ஸ் சாசனம் கான்கிரீட்டுக்கே இடம் கொடுத்தது. அதே ஏதென்ஸில், பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றில் என்ன நடந்தது? பழங்காலக் கைவினைஞர்கள் பளிங்குக் கற்களைப் பிணைத்த இரும்புக் கவ்விகளைச் சுற்றி ஈயம் ஊற்றியிருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைத்தவர்கள் ஈயமில்லாமல் இரும்பை வைத்தார்கள். அது துருவேறிப் பருத்துப் பளிங்கையே வெடிக்க வைத்தது. பிறகு அவற்றைப் பிடுங்கிவிட்டு துருவேறாத டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று. அதே விஷயத்துக்காகப் பின்னால் வந்த 1964 வெனிஸ் சாசனம் என்ன சொன்னது? பழைய முறை போதாத இடத்தில், அதுவும் பலன் நிரூபிக்கப்பட்ட புது முறையை மட்டும். இந்த வீட்டில் சுண்ணாம்பு போதவில்லை என்று யார் சோதித்தார்கள்?

புது வீட்டுக்குச் சிமெண்டு போடுங்கள், அதில் எனக்கு வழக்கே இல்லை.

நாள் ஆகும் என்பது உண்மை. ஆள் கிடைக்கவில்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரிடம் ஒரு வாரத்தில் முடி என்றால் அவர் எப்படி வருவார்? கலவையைப் புறங்கையால் தொட்டே பதம் சொல்கிற மனிதரைச் சிமெண்டு மூட்டை தூக்க வைத்துவிட்டு, அவர் மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்று வருத்தப்படுகிறோம். அந்தப் படத்தில் உரிமையாளர் இருக்கிறார், வடிவமைப்பாளர் இருக்கிறார். வேலை செய்த ஒரு கைகூட இல்லை. "பாரம்பரியம்" என்று எழுதியவர்கள் அதைச் சுமந்தவர்களை ஓரமாகக்கூட நிறுத்தவில்லை. எனக்கு வலிக்கிறது, மறைக்கவில்லை.

பூசிப் பத்து நாள்தான் ஆகிறது என்று படம் போட்டவர்களே எழுதியிருக்கிறார்கள். சிமெண்டின் பலத்தை 28 நாளில்தான் கணக்கிடுவார்கள், ஆகவே இப்போதே எடுப்பது எளிது. உடைக்கும் இயந்திரம் வேண்டாம். உளியும் சுத்தியலும் போதும். ஓதம் ஏறும் கீழ்ப்பகுதியில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை முதலில் எடுங்கள். பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் எடுங்கள்.