மிலான் ஆய்வு அப்படிச் சொல்லவில்லை

"வைட்டமின் ஏ மாத்திரை மார்பகப் புற்றுநோயைக் குணமாக்கும்னு இத்தாலியில் நிரூபிச்சாச்சு, கீமோ வேண்டாம்" என்று மேலே போட்டிருக்கிறீர்கள் அண்ணா. தயவுசெய்து திருத்திவிடுங்கள். யாராவது இதை நம்பிச் சிகிச்சையை நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இத்தாலியின் மிலான் நகரில் புற்றுநோய் அறுவை மருத்துவர் உம்பெர்ட்டோ வெரோனேசியின் குழு நடத்தி, 1999-இல் முடிவு வெளியான ஆய்வைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் கொடுத்தது வைட்டமின் ஏ இல்லை. ஃபென்ரெட்டினைடு என்ற செயற்கை ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ-வைப் போன்ற வேதிப்பொருள்), தினம் 200 மில்லிகிராம், 5 ஆண்டுகள். சேர்ந்த ஏறத்தாழ 3,000 பெண்களுக்கும் அறுவை சிகிச்சை முன்பே முடிந்திருந்தது. மறு மார்பகத்தில் புதிதாகப் புற்று வராமல் தடுக்குமா என்பதுதான் கேள்வி. மொத்தமாகப் பார்த்தால் மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மாதவிடாய் நிற்காத பெண்களிடம் மட்டும் பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. நம்பிக்கை தரும் தடயம்தான், ஆனால் நிரூபணம் ஆகாது.

இன்னொன்று, அந்த மருந்து ரத்தத்தில் ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ அளவைக் குறைக்கும். சிலருக்கு இருட்டில் கண் பழகத் தாமதமானது. அதற்காகவே மாதக் கடைசியில் 3 நாள் மருந்தை நிறுத்திவைத்தார்கள். வைட்டமின் ஏ கூட்டிச் சாப்பிடுவதற்கு நேர் எதிர் இது!

ரெட்டினாய்டு உண்மையில் சாதித்தது ஏபிஎல் என்ற ரத்தப் புற்றுநோயில். அதற்குக் காரணமான மரபணுக் கோளாறு வேறு, மார்பகப் புற்று வேறு.

வைட்டமின் ஏ அளவு மீறினால் ஈரல் கெடும். கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். டாக்டரைக் கேட்காமல் யாரும் தொடாதீர்கள்.