மற்றும் பலர்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் காணிக்கை படைக்கும் நாள். என்ன நடந்தது என்று இங்கே பலருக்கும் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக அதுதான் ஓடுகிறது. நான் அங்கே ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆனால் மனசு ஆறவில்லை.

காணிக்கைப் பட்டியலை வாசித்தார்கள். லட்சம் கொடுத்தவர், ஐம்பதாயிரம் கொடுத்தவர் என்று பேரப்பிள்ளைகள் பெயர் வரை வந்தது. ஆயிரம் ரூபாயோடு பட்டியல் நின்றது. "மற்றும் பலர்" என்று முடித்துவிட்டு ஏலத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பலரில் எங்கள் தெரு ஆச்சியும் உண்டு. பீடி சுற்றுகிறவர். இறந்துபோன மகன் ஞாபகார்த்தமாக முந்நூறு ரூபாயைக் கவரில் போட்டு, அவன் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்.

தட்டில் எவ்வளவு விழுந்தது என்று பார்க்காதீர்கள், கொடுத்தவர் கையில் எவ்வளவு மிஞ்சியது என்று பாருங்கள். இது நான் கண்டுபிடித்ததல்ல. காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து ஆண்டவரே பார்த்த கணக்கு. ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசைப் போட்ட விதவைதான் எல்லாரையும்விட அதிகமாகப் போட்டாள் என்றார். மாற்கு 12-ஆம் அதிகாரம். ஒவ்வொரு அறுப்பின் பண்டிகைக்கும் இதை வைத்துத்தான் பிரசங்கம். ஆனால் அதற்குச் சற்று முன்னால் 40-ஆம் வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகர் என்ற யூத வேத போதகர்களை அவர் கண்டித்ததையும் சேர்த்து வாசிக்க வேண்டும். நாம் வாசிப்பதில்லை.

"வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது, அப்புறம் பெயர் வாசிக்கவில்லை என்று ஏன் வருத்தம்?" என்று கேட்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் லட்சத்தின் பெயரையும் வாசிக்காதீர்கள். ஆச்சி கேட்டது தன் பெயரையும் அல்ல, செத்துப்போன பிள்ளையின் பெயரை.

"ஆலயக் கூரையை முந்நூறு ரூபாயில் மாற்ற முடியுமா?" முடியாது. பெரிய தொகை கொடுக்கிறவர்களில் உண்மையிலேயே மனதாரக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பெரிய தொகையால் மட்டும்தான் சபை நிற்கிறது என்று சொல்லாதீர்கள். மிசோரம் சபைகளில் 1910 முதல் இன்றுவரை, வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். அதை விற்ற பணமும் மிஷனரி ஊழியத்துக்குப் போகிறது. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் மக்கள் கொடுப்பதில் நடக்கட்டும் என்றார்கள். அப்போது நம் ஊர்ச் சபைகளில் எத்தனை லட்சாதிபதிகள் இருந்திருப்பார்கள்? என் பாட்டி வீட்டு அடுப்படியிலும் பிடியரிசிக் கலயம் இருந்தது. பஞ்சமான மாதத்திலும் அதற்குள் யாரும் கைவிட்டதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2009-இல் அப்பா இறந்தார். அவர் படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும், சபையார் கட்டவேண்டிய சங்கக் காணிக்கையை நாங்கள் கட்டவில்லை. பாக்கியைக் கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று சபைக் கமிட்டியிலிருந்து ஆள் வந்தது. அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்று யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தேன். அப்போது ஆச்சி வந்தார். மடியில் முடிந்து வைத்திருந்த வாரக்கூலியை அப்படியே எடுத்து என் கையில் வைத்து, "மொதல்ல இதக் கட்டு" என்றார். எண்ணிப் பார்க்கக்கூட இல்லை. அந்த வாரம் அவர் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தியாகமாகக் கொடுப்பது என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். அந்த மனுஷியை 'மற்றும் பலர்' ஆக்கிவிட்டீர்கள்.

நேரமில்லை என்கிறார்கள். ஒரு பூசணிக்காயை இருபது நிமிடம் ஏலம் விட்டோம். அதற்கு நேரம் இருந்தது. போதகர் ஐயர்மேல் குற்றம் சொல்கிறேனா? இல்லை, அவர் கையில் கொடுத்த தாளை வாசித்தார். தாளைத் தயாரித்தவர்கள் இதைப் படிப்பார்கள். என்னைக் கமிட்டிக்குக் கூப்பிட்டு விசாரிக்கலாம், வருகிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆச்சியைப் பார்க்கப் போனேன். பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏ ஐயா, நேத்து எம்மவன் பேர வாசிச்சாவளா? எனக்குத்தான் காது கேக்கலியோன்னு நெனச்சேன்."