சொல்பவர் செய்ய மாட்டார் என்பது தவறு

“சாகப்போறேன்னு வாயால சொல்றவன் சாக மாட்டான், கண்டுக்காம விடுங்க” என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இது தவறு, ஆபத்தானதும்கூட. தற்கொலையால் இறந்தவர்களில் பலர் முன்பே யாரிடமாவது, ஏதோ ஒரு வகையில், சொல்லியிருக்கிறார்கள்.

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ, படகு இலங்கையில் பிடிபட்டு, இங்கே வட்டி ஏறிக்கிடக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். “நான் இல்லைன்னா வீட்டுக்கு ஒரு பாரம் குறையும்” என்பார். நாம் கடனைப் பற்றியே பேசிவிட்டு இந்த வார்த்தையைக் கோட்டை விட்டுவிடுகிறோம். மனநல மருத்துவர்கள் காது கொடுப்பது இதற்குத்தான்: தன்னைச் சுமையாக நினைப்பது, தனக்கு யாருமில்லை என்பது, எந்தப் பக்கமும் வழியில்லை என்ற உணர்வு. நம்பிக்கையிழப்பை அளக்கவே அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் குழுவினர் 1974-இல் 20 வாசகங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். முன்பு ஒருமுறை முயன்றவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். குடியும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

சரி, எந்த அளவுகோலும் யாருக்கு என்ன நடக்கும் என்று துல்லியமாகச் சொல்லிவிடாது. அதனால்தான் நேராகக் கேட்க வேண்டும்: “மாமா, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, பலருக்கு மனம் விட்டுப் பேச அதுவே வழியாகிறது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். 14416 (டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்), 104 (தமிழக அரசின் மருத்துவ உதவி எண்) இரண்டிலும் தமிழிலேயே பேசலாம். அப்புறம், முடிந்தால் நீங்களே கூடப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.