முன்னாடியே பணம் கட்டியவர்களுக்குத்தான் தண்டனையா?

"இந்த ஆஃபர் புதிய பதிவுகளுக்கு மட்டும்தான்." குரூஸ் கம்பெனியின் கஸ்டமர் கேரில் இதைக் கேட்டதிலிருந்து வயிறு எரிகிறது. பல மாதங்களுக்கு முன்பே டெபாசிட் கட்டி, மீதிப் பணத்தையும் சொன்ன தேதிக்குள் முழுசாகக் கட்டி முடித்தோம். கொஞ்ச நாளிலேயே அதே கப்பல், அதே பயணம், அதே வகை பால்கனி கேபின் நாங்கள் கொடுத்ததைவிட மிகக் குறைந்த விலையில் விளம்பரத்தில் வருகிறது. வித்தியாசத்தைத் திருப்பித் தாருங்கள் என்றால் இந்தப் பதில். நம்பி முதலில் பணம் கொடுத்தவர்கள் என்ன பாவம் செய்தோம்?

எல்லாம் அந்தக் கடைசித் தவணைத் தேதியில்தான் இருக்கிறது. கம்பெனியையும் பயண நாட்களையும் பொறுத்து, பெரும்பாலும் கப்பல் கிளம்ப 75 முதல் 120 நாட்களுக்கு முன்னால் வைக்கிறார்கள். அதற்கு முன் விலை இறங்கினால் பல கம்பெனிகள் புது விலைக்கு மாற்றித் தரும், ஆனால் நாமே கண்டுபிடித்துக் கேட்டால்தான். டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கு, வைஃபை வாங்கு என்று ஓயாமல் மெயில் அனுப்பத் தெரிகிறது. உங்கள் கேபின் விலை குறைந்துவிட்டது என்று ஒரு வரி அனுப்பத் தெரியாதா? கேட்டவருக்கு ஒரு விலை, கேட்காதவருக்கு ஒரு விலை என்பது என்ன நியாயம்?

அந்தத் தேதி தாண்டிவிட்டால் கதை முடிந்தது. ரத்துசெய்தால் பிடித்தம் படிப்படியாக ஏறும், கடைசி வாரங்களில் கட்டிய கட்டணம் மொத்தமும் போய்விடும். பயணத்தைக் கைவிடுகிறவர்கள் கடைசித் தவணைக்கு முன்பு விலகிக்கொள்வதால், காலியான கேபின்கள் விற்பனைக்கு வருவதும் அந்தத் தேதியை ஒட்டித்தான். கப்பலுக்குள் மது, காசினோ, கரைச் சுற்றுலா என்று பயணிகள் செய்யும் செலவு இவர்களுக்குப் பெரிய வருமானம், அதனால் கேபினைக் காலியாக விடுவதைவிட மலிவாகத் தள்ளிவிடுவார்கள். சரி, அது அவர்கள் வியாபாரம். ஆனால் விலை இறங்கக்கூடிய காலம் தொடங்கும்போது எங்களைப் பூட்டிவைத்துவிட்டு, எங்கள் கண்ணெதிரே மற்றவர்களுக்கு மலிவாகக் கொடுப்பது அநியாயம் இல்லையா?

டெபாசிட் திரும்பக் கிடைக்காத கட்டணத்தில் பதிவு செய்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். பயணத் தேதியையோ கப்பலையோ மாற்றினால்கூட ஆளுக்கு இவ்வளவு என்று அபராதம். ரொம்பப் போராடினால் சில சமயம் வித்தியாசத்தைக் கப்பலுக்குள் செலவழிக்கும் கிரெடிட்டாகத் தருவார்கள். அதிலும் பணமாக மாற்ற முடியாத வகை என்றால், கடைசி இரவுக்குள் செலவழிக்காவிட்டால் போச்சு. எங்கள் பணத்தை அவர்கள் கடையிலேயே செலவழிக்க வேண்டுமாம்!

"விலை ஏறினால் உங்களிடம் கூடுதலாகக் கேட்கிறோமா?" என்று ஒரு நியாயம் சொல்வார்கள். பயண ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். முழுப் பணம் கட்டியவர்களிடமும் எரிபொருள் கூடுதல் கட்டணம் வசூலிக்கும் உரிமையைப் பல கம்பெனிகள் அதில் எழுதி வைத்திருக்கின்றன. போக வேண்டிய துறைமுகத்தை மாற்றும் உரிமையும் அவர்களுக்கே. கட்டுப்பாடெல்லாம் நமக்கு மட்டும்.

அமெரிக்காவில் விமான டிக்கெட்டுக்காவது ஒரு விதி இருக்கிறது. புறப்பாட்டுக்கு 7 நாட்களோ அதற்கும் மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவு செய்தால், 24 மணி நேரத்துக்குள் பிடித்தம் இல்லாமல் ரத்துசெய்யலாம், அல்லது பணம் கட்டாமல் அவ்வளவு நேரம் அந்த விலையை நிறுத்தி வைக்கலாம். பல மடங்கு பணம் வாங்கும் குரூஸுக்கு அந்த விதி கிடையாது.

கடைசித் தவணைத் தேதி வரை விலை இறங்கினால், யாரும் கேட்காமலேயே பில்லில் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகு இறங்கினால் வித்தியாசத்தை, பணமாக மாற்றக்கூடிய கிரெடிட்டாக, முன்பே பணம் கட்டிய பயணிகள் எல்லோருக்கும் தர வேண்டும். எந்த கேபினை யார் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பது அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. செய்ய மனசு இல்லை, அவ்வளவுதான்.