எங்க பக்கமா, உங்க பக்கமா?

போன சனிக்கிழமை செந்தூலில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி. நல்ல காய்ச்சல், நெற்றியில் கை வைக்க முடியவில்லை. மேசையில் பெனடால் அட்டை இருக்கிறது, ஒரு மாத்திரை கூடப் பிரிக்கவில்லை. ஏம்மா போடல என்று கேட்டேன். "இல்ல அண்ணி, வாட்ஸ்அப்ல வந்துச்சு. வயித்துல பிள்ளை இருக்கும்போது பெனடால் போட்டா பிள்ளை..." என்று இழுத்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். கீழே என் மகன் உட்கார்ந்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வயது, ஆட்டிசம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்து மாத்திரையைப் போட வைத்தேன்.

அந்தச் செய்தி கிளம்பிய இடம் தெரிந்ததுதான். 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் பாரசிட்டமால் (பெனடாலில் இருப்பது அதுதான்) எடுக்க வேண்டாம், பிள்ளைக்கு ஆட்டிசம் வரலாம் என்று சொன்னார். ஆனால் அதற்கு முந்தைய வருடமே சுவீடனில் ஏறத்தாழ 25 லட்சம் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு வந்துவிட்டது. பொதுவாகப் பார்த்தால், மாத்திரை எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் சற்றே கூடுதல் என்று சின்ன வித்தியாசம் தெரிந்தது. ஒரே தாயின் பிள்ளைகளில், மாத்திரை எடுத்த பிரசவத்தையும் எடுக்காத பிரசவத்தையும் ஒப்பிட்டபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. கர்ப்பத்தில் கடும் காய்ச்சலை அடக்காமல் விடுவதுதான் பிள்ளைக்கு நல்லதில்லை.

சரி, டிரம்ப் ஒரு பக்கம் இருக்கட்டும். என்ன சாப்பிட்டாய், கிரகணத்தில் வெளியே போனாயா, எட்டு மாதம் வரை எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போனாயே, எல்லாம் என்னையும் கேட்டவைதான். படித்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். 1943-ல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசம் என்ற பெயரை நிலைநிறுத்தினார். அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல், பாசமில்லாத 'ஐஸ்பெட்டி அம்மாக்கள்'தான் காரணம் என்று டாக்டர்களே பேசினார்கள். 1977-ல் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையர்களைப் பார்த்த பிறகுதான் மரபணு பக்கம் பேச்சு திரும்பியது. 2019-ல் ஐந்து நாடுகளில் 20 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் பார்த்தார்கள். ஆட்டிசம் வருவதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணுவைச் சேர்ந்தது என்றார்கள்.

அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். எங்கே! மரபணு என்றால் நம் வீட்டில் பரம்பரை என்றுதானே காதில் விழும். "எங்க பரம்பரையில இப்படி யாரும் கிடையாது" என்று மாமியார் அன்றே சொல்லிவிட்டார்.

கோலாலம்பூரில் அரசாங்க மருத்துவமனையின் மரபியல் பிரிவுக்குப் போனபோது அவரும் கூட வந்தார். டாக்டர் வெள்ளைத்தாளில் குடும்ப மரம் வரைந்தார். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் நடுவில் இரட்டைக்கோடு. என் அம்மாவின் அப்பா அக்காள் மகளைக் கட்டியவர். இரட்டைக்கோடு விழுந்தது. மாமியார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. டாக்டர்தான் சொன்னார்: "புருஷனும் பொண்டாட்டியும் சொந்தமா இருந்தாத்தான் அந்தக் கோடு பிள்ளைக்குக் கணக்கு. நீங்க ரெண்டு பேரும் சொந்தமில்லையே."

(சொந்தத்தில் கட்டுவதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே பழுது பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு கூடுகிறது. இந்த நாட்டின் 1976 திருமணச் சட்டம்கூட இந்துக்களுக்கு மட்டும் தாய்மாமனைக் கட்ட விலக்கு கொடுத்திருக்கிறது. சட்டம் விட்டாலும் நாம் கொஞ்சம் யோசிக்கலாம்.)

நம் ஆட்களுக்குப் புரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. மரபணுவில் இருப்பதெல்லாம் பாட்டன் முப்பாட்டனிடமிருந்து வந்ததில்லை. ஒவ்வொரு பிள்ளையும் அம்மா அப்பா இருவரிடமும் இல்லாத அறுபது எழுபது புது மாற்றங்களோடுதான் பிறக்கிறது. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. எப்போதாவது ஒன்று மூளை வளர்ச்சிக்கான இடத்தில் விழுந்துவிடும். 2012-ல் ஐஸ்லாந்தில் கணக்கெடுத்தார்கள், அப்பாவுக்கு ஒரு வயது கூடக்கூட இரண்டு மாற்றம் கூடுகிறதாம். மகன் பிறந்தபோது என் வீட்டுக்காரருக்கு வயது 38. இதை மாமியாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

'எபிஜெனெடிக்ஸ்' இன்னும் வேடிக்கை. மரபணு மாறாமல், அது வேலை செய்வது மட்டும் மாறுவது. தமிழ் படித்தவர்களுக்கு இது சுலபம். எழுத்து அதேதான், மேலே புள்ளி வைத்தால் உள்ளிருக்கும் உயிரின் சத்தம் அடங்கிவிடும். உடம்பும் மெத்தில் என்ற புள்ளியை வைத்துச் சில மரபணுக்களை அடக்குகிறது. மரபணுக்கள் கோத்திருக்கும் குரோமோசோம்களில் 15ஆவதில் ஓர் இடம் உண்டு. அங்கே அப்பாவிடமிருந்து வந்த துண்டு இல்லாமல் போனால் பிராடர்-வில்லி, அம்மாவிடமிருந்து வந்த துண்டு இல்லாமல் போனால் ஏஞ்சல்மேன், இரண்டும் வெவ்வேறு நோய். எங்க பக்கமா உங்க பக்கமா என்று மரபணுவே அடையாளம் வைத்திருக்கிறது! ஆனாலும் அந்தத் துண்டு பெரும்பாலும் விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும் நேரத்தில் தற்செயலாக விடுபடுவது. அந்தப் புள்ளிகளைப் படிக்கிற புரதம் பழுதானால் ரெட் சிண்ட்ரோம், பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கு வரும் மூளை வளர்ச்சிக் கோளாறு. இந்தக் காரணத்தை 1999-ல் கண்டுபிடித்தார்கள், அதுவும் அநேகமாகப் புதிதாக வந்த மாற்றம்தான்.

இந்த வார்த்தையை வைத்து வியாபாரமும் நடக்கிறது. மகனுக்கு நாலு வயதாக இருந்தபோது, ஒரு 'வெல்னஸ்' மையத்தில் எச்சிலை எடுத்து, "மெத்திலேஷன் சரியில்லை, கர்ப்பத்தில் அம்மாவுக்கு டென்ஷன்" என்று சொல்லி மூன்று மாத மாத்திரை கொடுத்தார்கள். 1,800 வெள்ளி. அவர்கள் காட்டிய அந்த மரபணு வேறுபாடு, ஒரு குறையும் இல்லாத எத்தனையோ பேரிடம் இருப்பது. அப்போது தெரியாது. அழுதுகொண்டே கட்டினேன்.

மருத்துவமனையில் எடுத்த குரோமோசோம் பரிசோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை. பத்து பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் அதில் காரணம் தெரியும். அப்படியும் டாக்டர் சொல்லும் பரிசோதனைகளை எடுங்கள் என்பேன். ஃப்ரஜைல் எக்ஸ் (பரம்பரையாக வரும் நோய், அதற்குத் தனிப் பரிசோதனை) மாதிரி ஏதாவது தெரிந்தால் அடுத்த பிள்ளைக்கும் சித்தி, பெரியம்மா பிள்ளைகளுக்கும் உதவும். எங்களுக்குக் கடிதம் வந்த அன்று மாமியார் கேட்டார், "ஒன்னும் இல்லைன்னா, அப்ப யார் பக்கம்?" பதில் சொல்லாமல் கடிதத்தை மகனின் கிளினிக் ஃபைலில் வைத்துவிட்டேன்.

நாத்தனாருக்கு அன்று ராத்திரியே காய்ச்சல் இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் ஃபோன். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. என் பிள்ளைக்கு எவ்வளவு வாய்ப்பு?" தப்பாக நினைக்கவில்லை, இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் நேராகக் கேட்டதே இல்லை. கூடப்பிறந்த பிள்ளைக்கு ஐந்தில் ஒன்று என்பார்கள், மாமன் மகன் என்றால் அதைவிட ரொம்பக் குறைவு என்று சொன்னேன். பதினெட்டு மாதத்தில் ஆட்டிசம் அறிகுறி பார்க்க கிளினிக்கில் கொடுக்கும் கேள்வித்தாளை மட்டும் அவசரத்தில் 'ஆமாம் ஆமாம்' என்று நிரப்பிவிடாதே என்றும் சொன்னேன். நான் அப்படித்தான் நிரப்பினேன். வியாழக்கிழமை அவளுக்கு செக்கப், நானும் கூடப் போகிறேன்.