காஸ்டிக் சோடா பழைய உத்தரங்களைப் புதுப்பிக்குமா?

பழைய வீட்டின் மர உத்தரங்களைக் காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவினால் கருமை நீங்கி மரம் புதிதாகிவிடும், உள்ளிருக்கும் வண்டுகளும் மடிந்துவிடும் என்று பரவிவரும் தகவல் தவறானது. கடுங்காரமான அக்கரைசல் அழுக்கை மட்டும் கரைப்பதில்லை. மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினையும் ஹெமிசெல்லுலோசையும் தாக்கி மேற்பரப்பைப் பஞ்சுபோலப் பிரியச் செய்வதோடு, டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்த ஓக் போன்ற மரங்களை முன்னிலும் கருக்கச் செய்கிறது. கழுவும் நீர் வெடிப்புகளில் தங்கி, மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டிய நிலையிலேயே நீடித்தால், அதுவரை இல்லாத பூஞ்சைச் சிதைவும் தொடங்கலாம். வண்டுப் புழுக்களோ மரத்தின் உட்புறத்தில் வாழ்பவை. மேலே பூசிக் கழுவும் கரைசல் அவற்றை எட்டுவதே அரிது.

உத்தரத்தில் வண்டுத் துளைகளைக் கண்டவுடன் அஞ்ச வேண்டியதும் இல்லை. வண்டுகள் வெளியேறிப் பல்லாண்டுகள் ஆகியிருக்கலாம். துளைகளின் கீழே வெளிர்நிறத் தூள் புதிதாக உதிர்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கருமை பெரும்பாலும் புகைக்கரியும் பழைய மெழுகுமே (அதை நீக்கத்தான் வேண்டுமா என்பதும் யோசிக்கத் தக்கது). மென்தூரிகை, தூசி உறிஞ்சி, நன்கு பிழிந்த ஈரத்துணி ஆகியவற்றில் தொடங்கி, அவை போதாதபோது மட்டும், மறைவான ஓரிடத்தில் சோதித்த பின் வலுவான முறைக்குச் செல்லலாம். பழைய பெயின்ட் இருக்குமானால், அதில் ஈயம் உள்ளதா என்று பரிசோதிக்கும்வரை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது.